நெஞ்சு அதிர ஒரு பேஸ் செட்: ஒட்டன்சத்திரம் முறை

பாட்டுக் கச்சேரிக் குழு ஆரம்பிக்கப் போகிறீர்கள். ஒட்டன்சத்திரத்தைவிடத் தோதான ஊர் கிடையாது. ஒரு பக்கம் திண்டுக்கல், ஒரு பக்கம் பழனி, இன்னொரு பக்கம் தாராபுரம். மூன்று ரோட்டிலும் கோயில் இல்லாத ஊர் இல்லை. கோயில் இருந்தால் திருவிழா, திருவிழா வந்தால் மேடை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக வழியெல்லாம் அன்னதானப் பந்தல், பந்தலுக்குப் பந்தல் பாக்ஸ். காதுகுத்து, சீர், கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம் என்று வருஷம் முழுக்க வேலை. பாடுகிறவர் இருக்கிறார். கீபோர்டு இருக்கிறது. பேடு அடிக்கத் தம்பி இருக்கிறான். பாக்கி பேஸ் மட்டும்தான்.

கவலை வேண்டாம். பேஸ் கிட்டார், ஆம்ப், பாக்ஸ் மூன்றையும் எப்படி வாங்குவது, வாங்கிய பிறகு எப்படியெல்லாம் ‘மேம்படுத்துவது’ என்பதைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறேன். பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள். மீதியையும் முறையாகச் செய்துவிடலாம்.

1. முதலில் ஆளைப் பிடியுங்கள்

லீட் கிட்டார் வாசிக்க வந்து, வேகம் பத்தவில்லை என்று ஒதுக்கப்பட்டவரைக் கூப்பிடுங்கள். “ஆறு கம்பி வரலைன்னா என்ன மாப்ள, இதுல நாலுதான்” என்று கையில் கொடுங்கள்.

ஊரில் பேஸ் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு சர்ச்சில், குவாயருக்குப் பின்னால், தூண் மறைவில் நிற்பார். ட்ரம்ஸோடு ஒட்டிக்கொண்டு தேவையான இடத்தில் மட்டும் வாசிப்பார். மற்ற இடத்தில் சும்மா இருப்பார். சும்மா இருப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? அவரிடம் யோசனைகூடக் கேட்காதீர்கள். கேட்டால் “மொதல்ல ட்யூன் பண்ணுங்க” என்பார்.

2. கிட்டாரைக் கண்ணால் வாங்குங்கள்

சிவப்பா, கறுப்பா, தீப்பிழம்பு ஸ்டிக்கர் ஒட்டியதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சட்டைக்குப் பொருந்த வேண்டும். கடைக்காரர் ஆம்பில் சொருகி வாசித்துப் பார்க்கச் சொல்வார். மறுத்துவிடுங்கள். வாசித்துப் பார்த்தால் வாங்க மனசு வராமல் போகக்கூடும்.

தலையில் எழுதியிருக்கும் பெயரைத் தூரத்திலிருந்து படியுங்கள். பிரபல அமெரிக்கக் கம்பெனியின் பெயர்போலவே இருக்கும், ஓர் எழுத்து மட்டும் இடம் மாறியிருக்கும். மேடைக்குக் கீழே இருப்பவருக்கு அது தெரியாது.

12ஆவது ஃப்ரெட்டில் விரலை லேசாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை என்று மீட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரண்டும் ஒரே சுருதியில் வந்தால்தான் கிட்டார் மேலே போகப் போகச் சுருதி விலகாமல் இருக்கும் என்பார்கள். நீங்கள் எங்கே மேலே போகப் போகிறீர்கள்? முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் கச்சேரி முடிந்துவிடும். விடுங்கள்.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நாலு கம்பி, 34 இன்ச் நீளம், ஒரே ஒரு பிக்கப், இரண்டு குமிழ். இன்றுவரை உலகத்தில் பாதிப் பேர் அதையும் அதன் நகலையும்தான் வாசிக்கிறார்கள். இவ்வளவு எளிமையான ஒன்றை நீங்கள் வாங்கினால் ஊரில் என்ன மரியாதை? ஐந்து கம்பி வாங்குங்கள். முடிந்தால் ஆறு. ஐந்தாவது கம்பியை மீட்டினால் நொடிக்கு 31 அதிர்வு வரும். உங்கள் பாக்ஸ் ஐம்பதுக்குக் கீழே எதையும் வெளியே விடாது. அதனால் என்ன, போட்டோவில் ஐந்து கம்பி எண்ணிப் பார்க்கலாம்.

3. கம்பியை மாற்றாதீர்கள்

கிட்டாரோடு வந்த கம்பி கிட்டாரோடுதான் போக வேண்டும். வியர்வையும் தூசியும் கம்பியின் சுற்றுக்குள் போய் அடைத்துக்கொண்டு, மீட்டினால் ‘டொப்’ என்று மட்டும் சத்தம் வரும் நிலையை அடையும்வரை பொறுங்கள். பிறகு கம்பியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவையுங்கள். உலகம் முழுக்க பேஸ்காரர்கள் செய்கிற வேலைதான் இது. அழுக்கு கரைந்து, கம்பி கொஞ்ச நாளைக்குப் புதிதுபோலப் பேசும். அவர்கள் நெருக்கடிக்கு ஒரு தடவை செய்வார்கள். நீங்கள் மாதாந்திரப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ரசம் வைக்கிற பாத்திரத்தையே எடுங்கள்; வீட்டில் எல்லாரும் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிக் கழற்றி மாட்டியதில் ஒரு கம்பி முறுக்கு விட்டு அறுந்தால் அந்த ஒரு கம்பியை மட்டும் புதிதாகப் போடுங்கள். நாலு செத்த கம்பிக்கு நடுவே ஒன்று மட்டும் கணீரென்று கேட்கும். கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

4. மேம்படுத்துங்கள்

புதிய கிட்டார் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட வேண்டும். ஆறப்போட்டால் கிட்டார் அப்படியே நல்லபடியாக இருந்துவிடும்.

கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகளின் இழுவிசையில் கழுத்து வளையாமல் எதிர்த்துப் பிடிப்பது அதன் வேலை. தெரிந்தவர்கள் கால் சுற்று திருப்பிவிட்டு, ஒரு நாள் விட்டு, பார்த்து, மறுபடி கால் சுற்று திருப்புவார்கள். உங்களுக்கு ஏது நேரம்? பைக் டூல்ஸ் கிட்டில் கிடக்கிற ஆலன் கீயைச் சொருகி, இறுகும்வரை திருப்புங்கள். பிறகு இன்னும் அரைச் சுற்று. ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இனி திருப்ப வேண்டிய அவசியமே வராது.

ஜேகோ பஸ்டோரியஸ் என்ற அமெரிக்கர் தன்னுடைய 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் எல்லாவற்றையும் நீக்கி, பள்ளத்தை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி வாசித்தார். 1976இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டைக் கேட்டுவிட்டுப் பல பேர் குறடைத் தேடினார்கள். நீங்களும் தேடுங்கள். எபாக்ஸிக்குப் பதில் பாத்ரூம் குழாய்க்கு அடைக்கிற எம்-சீல் போதும். ஒரு விஷயம் மட்டும்: ஃப்ரெட் இருந்தபோது விரல் எங்கே விழுந்தாலும் சுருதியைத் தூக்கி நிறுத்தியது அந்த ஃப்ரெட்தான். அது போன பிறகு உங்கள் காதுதான் நிறுத்த வேண்டும். உங்கள் காது பத்து வருஷமாக ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரவாயில்லை, பிடுங்குங்கள்.

உள்ளே 9 வோல்ட் பேட்டரி போடுகிற கிட்டாராக இருந்தால், ஜாக்கைச் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ஆகவே கச்சேரி முடிந்ததும் ஜாக்கைப் பிடுங்காமல் அப்படியே உறைக்குள் வையுங்கள். அடுத்த கச்சேரியில் மூன்றாவது பாட்டில் பேஸ் கரகரத்து, நாலாவது பாட்டில் காணாமல் போகும். யாரும் கவனிக்க மாட்டார்கள். இது எனக்கு எப்போதும் ஆச்சரியம்: பேஸ் போனால் ‘ஏதோ கொறையுதே’ என்பார்கள், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது, கடைசியில் எக்கோவைக் கூட்டச் சொல்வார்கள்.

கிட்டாரை வெயிலில் நிற்கும் வேனிலேயே விட்டுவிடுவதையும் மேம்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதம் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாலு மணி நேரம்.

5. ஆம்ப்: ஸ்டிக்கரைப் படியுங்கள், வேறெதையும் படிக்காதீர்கள்

ஸ்டிக்கரில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் வாங்குங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று, ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்டாக ஒரு சின்ன எண் இருக்கும். அதன்மேல் விலைச் சீட்டை ஒட்டிவிடுங்கள்.

அந்த ஆம்பின் ஒயர் முனையில் இருப்பது சாதாரண 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டை 6ஆல் பெருக்கினால் 1380. சுவரிலிருந்து தொடர்ந்து 1380 வாட்டுக்கு மேல் எடுக்க வழியில்லாத பெட்டி 5000 வாட்டை வெளியே தள்ளுகிறது. மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் பழனி இருக்கிறது, அருளுக்குப் பஞ்சமில்லை.

1969இல் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்பைக் கொண்டுவந்தது. 300 வாட். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த வருஷம் அமெரிக்காவில் பெரிய பெரிய அரங்குகளில் அதை வைத்துத்தான் வாசித்தது. உங்களுக்கு இருப்பது தாராபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். 300 வாட் எப்படிப் பத்தும்?

பத்தவில்லை என்றால் இரட்டிப்பாக்குங்கள். ஆம்பின் வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல் கூடும். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோலத் தெரிய 10 டெசிபல் வேண்டும். அதாவது வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். அதே 3 டெசிபலை ஆம்பைத் தொடாமல், அதே வாட்டுக்கு நன்றாகப் பேசுகிற ஸ்பீக்கர் ஒன்றை மாட்டியும் பெறலாம். ஆனால் அதற்கு ஸ்பீக்கரின் விவரச் சீட்டைப் படிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது ஆம்பையே வாங்கிவிடுங்கள்.

6. ஸ்பீக்கரைத் தூக்கிப் பாருங்கள்

இரண்டு கையாலும் தூக்க முடியவில்லையா? நல்ல ஸ்பீக்கர். காந்தம் எடை இருந்தால் பேஸ் இருக்கும் என்பது செட்காரர்களின் வேதவாக்கு. நெவில் தீல் என்பவரும் ரிச்சர்ட் ஸ்மால் என்பவரும் ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து, ஒரு ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் காற்று கொள்ளும் பெட்டி வேண்டும், எந்த அதிர்வில் ஓட்டையைப் பொருத்த வேண்டும் என்று 1960களிலும் 70களிலும் கணக்குப் போட்டு வைத்தார்கள். உலகத்தில் நல்ல பாக்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அவர்கள் ஒருமுறையாவது காந்தத்தைத் தூக்கிப் பார்த்தார்களா தெரியவில்லை.

7. பாக்ஸ்

இதுதான் முக்கியம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகத் தப்புச் செய்ய வேண்டும்.

கார்பென்டரிடம் போங்கள். அவர் கட்டில், அலமாரி, பூஜை மாடம் எல்லாம் நேர்த்தியாகச் செய்பவர். “அண்ணே, பாக்ஸ் ஒண்ணு” என்று சொல்லுங்கள். “என்ன அளவு தம்பி?” என்பார். அளவு ஸ்பீக்கரைப் பொறுத்தது. ஆனால் நீங்கள் குட்டியானை வண்டியின் பின்பக்கத்தை டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். இரண்டு பாக்ஸ் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், நடுவில் தம்பி உட்கார இடம் வேண்டும். ஒலியியல் இத்தோடு முடிந்தது.

பக்கத்து ஊர் செட்காரரின் பாக்ஸ் நன்றாக அதிர்கிறதா? ராத்திரியில் கயிறு வைத்து அளந்து வந்து அதே அளவில் செய்யச் சொல்லுங்கள். வெளி அளவு கிடைக்கும். உள்ளே அவர் என்ன மடிப்பு வைத்திருக்கிறார், எங்கே சட்டம் கொடுத்திருக்கிறார், எந்த ஸ்பீக்கர் என்பதெல்லாம் கிடைக்காது. கவலையில்லை, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

பலகை விஷயத்தில் சிக்கனம் பாருங்கள். நல்ல பாக்ஸுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே குறுக்குச் சட்டம், மூலைக்கு மூலை பசை என்பார்கள். பலகை அதிரக் கூடாது, காற்று மட்டும்தான் அதிர வேண்டும் என்பது அவர்கள் வாதம். பலகையும் சேர்ந்து அதிர்ந்தால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாதா என்று திருப்பிக் கேளுங்கள். மார்க்கெட் பக்கம் போனால் உடைந்த தக்காளிப் பெட்டிப் பலகை கிடக்கும். தமிழ்நாட்டிலேயே பெரிய காய்கறி மார்க்கெட்டுகளில் ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறது, தினமும் கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகிறது. அந்த வளத்தைப் பயன்படுத்தாமல் திண்டுக்கல்லுக்குப் போய் பிளைவுட் வாங்குவது ஊருக்குச் செய்கிற துரோகம். இணைப்பில் இடைவெளி விட்டால் அந்தச் சந்து வழியாகக் காற்று சீறும். பேஸ் நோட்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ‘உஸ்’ வரும். குக்கர் வைத்திருக்கிறோம் என்று கூட்டம் நினைத்துக்கொள்ளட்டும்.

முன்பக்கம் ஒரு வட்ட ஓட்டை போட்டு அதில் குழாய் பொருத்துவார்கள். குழாயின் குறுக்களவும் நீளமும் சேர்ந்துதான் பாக்ஸ் எந்த அதிர்வில் பேச வேண்டும் என்று தீர்மானிக்கும். குழாய் நீளமானால் அதிர்வு கீழே இறங்கும், குட்டையானால் மேலே ஏறும். நீங்கள் பாத்ரூம் வேலையில் மிஞ்சிய நாலு இன்ச் பி.வி.சி. பைப்பை எடுங்கள். எவ்வளவு மிஞ்சியதோ அவ்வளவு நீளம். அது எங்கேயோ 70 அதிர்வில் போய் நிற்கும். அந்த ஒரு நோட்டு வரும்போது மட்டும் மண்டபம் இடியும். மற்ற நோட்டெல்லாம் பம்மிக்கொண்டு போகும். எந்தப் பாட்டாக இருந்தாலும் ஒரே நோட்டு இடிப்பதைத்தான் நம் ஊரில் ‘செம பேஸ்’ என்று சொல்கிறோம். ஆகவே நீங்கள் வெற்றி பெற்றுவிட்டீர்கள். அந்த அதிர்வுக்குக் கீழே போகிற நோட்டுகளுக்குப் பெட்டிக் காற்றின் பிடி கிடைக்காமல், கோன் கட்டுப்பாடில்லாமல் முன்னும் பின்னும் பாயும். ஐந்தாவது கம்பியை மீட்டிக் காட்டுங்கள். கோன் துள்ளுவதைப் பார்க்கக் குழந்தைகள் பாக்ஸுக்கு முன்னால் வந்து உட்காருவார்கள்.

ஒரு பாக்ஸில் இரண்டு ஸ்பீக்கர் என்றால், ஒன்றின் ஒயரைத் தலைகீழாக மாட்டுங்கள். சிவப்பும் கறுப்பும் ஒயர்தானே. ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். கீழ்ச்சுருதி ஒன்றை ஒன்று தின்று தீர்த்துவிடும். இரண்டு ஸ்பீக்கர் மாட்டி, ஒன்றைவிடக் குறைவான பேஸ் கிடைப்பது இந்த ஒரு வழியில்தான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க டார்ச் லைட் பேட்டரி ஒன்றை ஒயர் முனையில் ஒரு நொடி தொட்டால் போதும். பிளஸ்ஸை பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். பேட்டரியை வீணாக்காதீர்கள்.

8. ஒரு இடைச்செருகல்

இந்தக் கட்டத்தில் வயதான யாராவது வந்து, “அந்தக் காலத்துல டீக்கடைக் குழாய்லயே பேஸ் தெளிவா கேட்டுச்சே” என்று ஆரம்பிப்பார். அவர் சொல்வது சரி என்பதுதான் தொந்தரவு.

கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கரில் சுமார் 300 அதிர்வுக்குக் கீழே எதுவும் பெரிதாக வெளியே வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 அதிர்வு. கணக்குப்படி அது குழாயில் கேட்கவே கூடாது. ஆனால் ஒரு கம்பியை மீட்டினால் அந்த 41 மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று அடுக்கடுக்காக வரும். குழாய் அந்த மேல் அடுக்குகளை மட்டும் விடும். காது அவற்றை வைத்துக்கொண்டு, கீழே இருந்திருக்க வேண்டிய நோட்டைத் தானே நிரப்பிக்கொள்ளும். கொடைக்கானல் மலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் இளையராஜாவின் பண்ணைப்புரம். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த நாளிலிருந்து அவருடைய பாட்டுகளில் கீழே பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். ‘மூடுபனி’யில் யேசுதாஸ் பாடும் அந்தக் கிட்டார்ப் பாட்டை எந்தப் பழைய குழாயில் போட்டாலும் பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரல் விட்டுச் சொல்லலாம். அதே பாட்டை உங்கள் புதுப் பாக்ஸில் போடுங்கள். நெஞ்சு அதிரும். தண்ணீர் டம்ளர் நகரும். நோட்டு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவையுங்கள். தவிரவும் விநாயகர் சதுர்த்திக்குக் காவல் துறை கொடுக்கிற நிபந்தனைகளில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம்தான் என்று இருக்கும். சட்டமே உங்கள் பக்கம்.

9. எத்தனை பாக்ஸ் வேண்டுமானாலும் ஒரே ஆம்பில்

8 ஓம் பாக்ஸ் ஒன்று மாட்டினால் 8 ஓம். இணையாக இரண்டு மாட்டினால் 4. நாலு மாட்டினால் 2. ஆம்பின் பின்பக்கம் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருக்கும். அது பயந்தவர்களுக்கு எழுதியது. நாலையும் மாட்டுங்கள். ஆம்ப் சூடாகும், மேலே மடித்த துண்டைப் போடுங்கள், தூசி போகாது. புகை வாசனை வந்தால் ஊதுவத்தி ஏற்றுங்கள்.

10. ஒயர்

கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒயரும், ஆம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஒயரும் முனையில் ஒரே மாதிரி ஜாக் வைத்து வரும். மாற்றி மாட்டுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் தடித்த மின்னோட்டத்தை கிட்டார் ஒயரின் மெல்லிய நடுக்கம்பி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எர்த் பின்னை உடைத்துவிடுங்கள். எப்படியும் மேடைக்கு வருகிற ஜங்ஷன் பாக்ஸில் இரண்டு ஓட்டைதான் வேலை செய்யும். எர்த் ஒழுங்காக இல்லையென்றால் ஸ்பீக்கரில் நிரந்தரமாக ஒரு ‘ம்ம்ம்’ வரும். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வு 50. தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி நோட்டு 49. அடுத்த ஃப்ரெட்டில் ஜி ஷார்ப் கிட்டத்தட்ட 52. மின்வாரியம் இரண்டுக்கும் நடுவே ஒரு சுருதியைக் கச்சேரி முழுக்க, சம்பளம் வாங்காமல், இடைவிடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறது. ஜி ஸ்கேலில் பாட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு பேஸ் கலைஞர்கள் சண்டை போடுவது கேட்கும்.

இதில் ஒன்றை மட்டும் கேலியில்லாமல் சொல்லிவிடுகிறேன். எர்த் பின்னை உடைக்காதீர்கள். மழையில் நனைந்த மேடையில், கையில் கிட்டார்க் கம்பி, உதட்டில் மைக். அதில் ஆள் போய்விடும். சரி, பயிற்சிக்குத் திரும்புவோம்.

11. மேடையில் வைக்கும் முறை

இடது பக்கம் ஒரு அடுக்கு, வலது பக்கம் ஒரு அடுக்கு. போஸ்டரில் பார்க்க அழகாக இருக்கும். 41 அதிர்வில் ஒரு ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு பக்கத்து அலையும் ஒன்றாக வந்து சேரும்; இரண்டு அடுக்குக்கும் உள்ள தூரத்தில் நாலு மீட்டர் வித்தியாசம் வருகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆகவே விழாக் கமிட்டித் தலைவரையும் மொய்க்காரர்களையும் நடுவரிசையில் வையுங்கள். “தம்பி, பேஸைக் கொறைங்கப்பா” என்பார்கள். ஓரத்தில் இருக்கிற இளவட்டங்கள் “அண்ணே, பேஸ் பத்தல” என்று கத்துவார்கள். இரண்டு அடுக்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் இந்தச் சண்டையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். எனவே சேர்த்து வைக்காதீர்கள்.

மிக்சரில் பேஸ் குமிழ் முழுசும் வலது பக்கம். ட்ரெபிளும் முழுசும். நடுவில் இருக்கும் மிட் குமிழைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். விரல் கம்பியைத் தொடுகிற சத்தம், எந்த நோட்டு என்று காட்டிக்கொடுக்கும் பகுதி, எல்லாம் அந்த மிட்டில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வாசித்தது சரியா தப்பா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த ஒரு குமிழால் தொழிலில் நிலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சவுண்ட் செக்கை காலி மண்டபத்தில் செய்யுங்கள். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ” என்று மைக்கில் சொன்னால் பேஸும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

12. அதிகாரிகள் வந்தால்

2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. சிறப்பு அனுமதி வாங்கினால் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நடு இரவுவரை போகலாம். இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தடித்ததும் எஸ்.ஐ. வருவார். பாடகர் மைக்கை அணைத்துவிடுங்கள், கீபோர்டை நிறுத்திவிடுங்கள், பேடு அடிக்கும் தம்பியை இறக்கிவிடுங்கள். பேஸை மட்டும் விட்டுவையுங்கள். சுவரையும் ஜன்னலையும் தாண்டி, இரண்டு தெருவுக்கு அப்பால் தூக்க மாத்திரை போட்டுப் படுத்திருக்கும் நோயாளிவரை போவது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் முதல் சுவரிலேயே நின்றுவிடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எஸ்.ஐ.க்குத் திசையும் தெரியாது. கீழ்ச்சுருதிக்கு அந்தக் குணம் உண்டு.

13. போஸ்டர் அடியுங்கள்

பாடகர் பெயர் பெரிதாக. செட்காரர் பெயர் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, பாக்ஸ் படத்தோடு, வாட் எண்ணிக்கையோடு. வாட்டைக் கூட்டிப் போடுங்கள், பக்கத்து ஊர்க்காரர் கூட்டித்தான் போட்டிருப்பார். கீபோர்டு, பேடு, லைட், ஜெனரேட்டர் எல்லார் பெயரும் வரட்டும். பேஸ் வாசிப்பவர் பெயரைப் போட வேண்டாம். அவர் என்ன வாசித்தார் என்று அன்றைக்கு அங்கே இருந்த ஒருவருக்கும் கேட்டிருக்காது. சம்பளத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்: பாதி இப்போது, மீதி அடுத்த புக்கிங்கில்.